அது பின்னணி இசை இல்லை

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் பெண் கவிஞர்களின் கவிதைகளை வயலினோடு நாங்கள் மேடையில் வாசித்ததைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் கவியரங்கம் நடத்தும் அண்ணன் ஒருவர் அதைக் குறை சொல்லி எழுதிய நீண்ட பதிவை ஆளாளுக்குப் பகிர்ந்து, என்னையும் டேக் செய்து, பக்கத்தில் சிரிப்புக் குறி வேறு. சரி, எழுதுகிறேன்.

"பெண் கவிஞர்களைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, பின்னணி இசையால் கவிதைக்கு மேக்கப் போட்டார்கள்." அது பின்னணி இசை இல்லை அண்ணா. வயலின் அக்கா பின்னால் இருக்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில்தான் கதிரை போட்டிருந்தோம்.

கவிதை தனியாக நிற்க வேண்டுமாம். யார் போட்ட சட்டம்? காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் இரண்டுக்கும் பண் உண்டு: ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். முதலாவதில் துத்தம், கைக்கிள்ளை, விளரி, தாரம் என்று சுரங்களையும், கொக்கரை, தக்கை, துந்துபி என்று வாத்தியங்களையும் பாட்டுக்குள்ளேயே அடுக்குகிறார். சுடுகாட்டைப் பாடும்போதும் அந்த அம்மாவுக்கு வாத்தியம் வேண்டியிருந்திருக்கிறது. அதுவும் மேக்கப்தானா?

"அது பக்தி, இது நவீன கவிதை" என்று கீழே ஒருவர். ஈழத்துக் கவிஞர் சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளைத் தானே எரித்துவிட்டுப் போனவர். மிஞ்சியதில் ஒன்றைத்தான் வாசித்தோம். அதற்கு ராகம், தாளம் ஒன்றும் வைக்கவில்லை. அக்கா ஒரே தந்தியில் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுருதி இல்லாவிட்டால் நாலாவது வரியில் என் குரல் உடைந்திருக்கும். இதைப் பின்னணி என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வயலின் குரலை மூடியது என்கிறீர்கள். இரண்டு கவிதைகளில் மூடியது. மைக் பிழை. ஒப்புக்கொள்கிறேன், அதை விடுங்கள்.

மூன்று வாரம் ஒத்திகை. மரைன் டிரைவ் பக்கம் ஒரு தோழியின் வீட்டு மூன்றாம் மாடி. அக்கா பகல் முழுக்கக் கணக்கு டியூஷன் கொடுத்துவிட்டு, நூறாம் நம்பர் பஸ்ஸில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார். ரயில் போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டுப் பிளேன்டீ குடிப்போம். ஒருநாள் ரயில் வந்து குறுக்கிட்ட இடம் கவிதைக்கு அவ்வளவு பொருந்திவிட்டது. அந்த நிறுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். அதைத்தான் "வயலின்காரி மறந்துபோய் முழித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வயலின்காரி!

"பெண்களுக்கு ஏன் தனி மேடை?" நல்ல கேள்வி. போன வருடம் உங்கள் கவியரங்கில் எத்தனை பெண்கள் ஏறினோம்? ஒருத்தி. நான்தான். எனக்குத் தந்தது வரவேற்புரை. மங்கள விளக்கு ஏற்றவும் கூப்பிட்டீர்கள், மறக்கவில்லை.

"உங்கள் அழைப்பிதழிலேயே பின்னணி இசை என்றுதானே இருந்தது" என்று இன்று காலை இன்னொருவர் கேட்டிருக்கிறார். இருந்தது. அக்காவின் பெயருக்குப் பதிலாக அந்த இரண்டு சொற்கள். அச்சுக்குப் போகுமுன் பார்த்தது நான்தான், கண்ணில் படவில்லை. என்னத்தைச் சொல்ல. அண்ணனைத் திட்ட உட்கார்ந்தவள் இதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றிரவு அக்கா அந்தப் பதிவை வாசித்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்: "தங்கச்சி, அந்த ரயில் இடத்தில நான் பிழை விட்டுட்டனோ?"

இல்லை அக்கா.