7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு?

இணையத்தில் ஒருவர், பிள்ளையை சிபிஎஸ்இயிலிருந்து எடுத்து ஸ்டேட் போர்டு மெட்ரிக் பள்ளியில் போட்டால் மருத்துவ சீட்டில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் விஷயம் அப்படி இல்லைங்க.

அந்த ஒதுக்கீடு பாடத்திட்டத்துக்கானது இல்லை, பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2020இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி, 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டிலும் தேர்ச்சி பெற்றவர்களுக்குத்தான் இது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் சேரும். தனியார் மெட்ரிக் பள்ளி சேராது, அங்கே அதே சமச்சீர்ப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள் என்றாலும். அரசு உதவி பெறும் பள்ளியும் சேராது, இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) மூலம் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் 6 முதல் என்ற விதியிலிருந்து விலக்கு உண்டு, அவர்களுக்கும் ஒதுக்கீடு கிடைக்கும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு வருடமும் இணையத்தில் போடும் தகவல் தொகுப்பேட்டை எடுத்து, அதில் இந்த ஒதுக்கீட்டுக்கான தகுதிப் பகுதியைப் படியுங்கள். அப்புறம் டிசி வாங்கும் முன், சேர்க்கப் போகும் பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறுவதா, சுயநிதியா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.