பிளாட்பாரத்தில் எச்.ஐ.வி. சோதனை: மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது?

சென்னையில் வால்டாக்ஸ் சாலை, பாரிமுனைப் பக்கம் தெருவோரம் படுக்கிறவர்களுக்கு எச்.ஐ.வி. முகாம் நடத்தினால், எத்தனை பேருக்கு விரலில் குத்தினோம் என்று நோட்டில் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து அவர்களில் தொற்று உறுதியானவர்கள் எத்தனை பேர் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கும் அதே நோட்டில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை மையம் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, சோதனை மையம்) திறந்திருக்கிற பகல் நேரத்தில் இவர்கள் மூட்டை தூக்கப் போயிருப்பார்கள். அதனால் முகாம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். எச்.ஐ.வி.க்கு மட்டும் என்று போகாதீர்கள். வரிசையில் நிற்பவர் மேல் பக்கத்தில் படுப்பவர்களின் கண் விழும். சுகர், பி.பி., சிபிலிஸ் என்ற பால்வினை நோய், காசநோய் அறிகுறி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். குடித்திருப்பவரிடம் வாங்குவது சம்மதமே இல்லை. விளக்கம் சொல்லி, சம்மதம் பெற்றே சோதிக்க வேண்டும் என்கிறது 2017 எச்.ஐ.வி. சட்டம். அவர் மறுநாள் வரட்டும்.

மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலில் ரத்தம் லேசில் வராது. கையைத் தொங்கவிட்டுத் தேய்த்துச் சூடாக்கி, ஸ்பிரிட் காய்ந்தபிறகு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். சித்திரை வெயிலில் வண்டிக்குள் கிடந்த சோதனைக் கிட்டை நம்ப முடியாது. கிட் சரியாக வேலை செய்தது என்று காட்டுகிற கன்ட்ரோல் கோடு விழாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, புதுக் கிட்டில் மறுபடி பாருங்கள்.

முகாமில் பாசிட்டிவ் கோடு விழுந்தாலும் அது முடிவாகாது. நம்பிக்கை மையத்தில் வேறு வேறு மூன்று கிட்டில் பார்த்த பிறகே உறுதி. ஆள் தொலைவது இந்த இடைவெளியில்தான். சீட்டைக் கொடுத்து "நாளைக்குப் போங்க" என்றால் போக மாட்டார். ஒரு நாள் கூலி போய்விடும். மறுநாள் காலை அவர் எழுந்து கிளம்பும் முன்பே ஒருவர் போய், கூடவே கூட்டிப்போக வேண்டும், போகிற கூலிக்கும் வழி செய்ய வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் முகவரி கேட்டால், அவர் தினமும் டீ குடிக்கிற கடையை எழுதுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று மருந்தை நிறுத்துவது அநியாயம்.

மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றுதான், மூன்று மருந்தும் அதற்குள்ளேயே: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம். சாப்பாடு கிடைக்காத நாளில் மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றிலும் போடலாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் சிரப் குடிப்பவர், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் மாத்திரை போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால், 12 மணி நேரம் கழித்து டோலுடெகிராவிர் 50 இன்னொன்று தேவை.

பெரிய தலைவலி டப்பாதான். முப்பது மாத்திரை டப்பா நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும், என்ன மாத்திரை என்று பத்துப் பேர் கேட்பார்கள். தலைக்கு வைத்துப் படுத்த பை செல்போனோடு களவு போகும். ஐப்பசி மழையில் நனைந்த காகிதப் பொட்டலத்தில் மாத்திரை வீணாகும். வீடுள்ளவருக்கு மூன்று மாத மருந்து மொத்தமாகக் கிடைப்பது வசதி. இவருக்கு அதை மாநகராட்சிக் காப்பகத்தில் பூட்டிய அலமாரியில் வைத்து, வாரம் ஏழு மாத்திரையாக இறுக்கமான சின்ன டப்பாவில் கொடுக்கலாம். அவர் சம்மதித்தால் மட்டும். அங்கே ஒருவருக்கு மேல் விஷயம் தெரியவே கூடாது.

டப்பா தொலைந்துவிட்டது என்று வந்து நிற்பவரைத் திட்டாதீர்கள், அன்றே மாத்திரை கொடுத்து அனுப்புங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த தடவை தொலைத்தால் வர மாட்டார்.