கர்யலன்பீரக்காவை விட்டுவிட்டீர்களே

பின்லாந்து போகிறவர்கள் சாப்பிட வேண்டியவை என்று உங்கள் கட்டுரையில் கலைமான் இறைச்சி, சால்மன் சூப், உப்பு மிட்டாய் சல்மியாக்கி ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, ஆனால் கர்யலன்பீரக்கா என்ற கரேலியா பகுதிப் பலகாரம் இல்லாத பட்டியலை என்னால் ஏற்க முடியவில்லை. ரை என்ற தானியத்தின் மாவை மெல்லியதாகத் தேய்த்து, பாலில் குழைய வேக வைத்த அரிசியை நடுவில் பரப்பி, ஓரத்தை விரலால் மடித்து மடித்துச் சுடுவார்கள். மேலே அவித்த முட்டையையும் வெண்ணெயையும் மசித்துத் தடவுவதுதான் முறை. சூடாகச் சாப்பிட வேண்டும். முட்டை வேண்டாம் என்றால் வெறும் வெண்ணெயும் போதும்.

இரண்டாம் உலகப் போரில் பின்லாந்தின் கிழக்கில் இருந்த கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் யூனியனிடம் போனபோது சுமார் 4 லட்சம் பேர் வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள். நாடு முழுவதும் இந்தப் பலகாரம் பரவியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றுக்காகவாவது கட்டுரையில் ஒரு பத்தி தந்திருக்கலாம்.

ஹெல்சின்கியில் ஹகனியெமி சந்தையில் தேடிப் பாருங்கள், சூப்பர் மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைக்கும். அப்புறம் சைவர்களுக்கு ஒன்று: வியாழக்கிழமைகளில் பல உணவகங்களில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் உண்டு. அந்த சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.