ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, வைட்டமின் டி

வைட்டமின் டி குறைவுக்கும் அலர்ஜிக்கும் உள்ள தொடர்பு பையன்களிடம் ஒரு மாதிரி, பெண் பிள்ளைகளிடம் ஒரு மாதிரி இருக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் ஆஸ்துமா பருவம் அடையும் வரை பையன்களிடம்தான் அதிகம், அதற்குப் பிறகு பெண்களிடம் கூடுகிறது என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம், அதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 4,400 யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2016-ல் வெளியானது) மூன்று வயதுக்குள் ஆஸ்துமாவோ திரும்பத் திரும்ப வீசிங்கோ (மூச்சிரைப்பு) வந்த பிள்ளைகள் 24 சதவீதம், 400 யூனிட் மட்டும் எடுத்தவர்களிடம் 30 சதவீதம். நம்பிக்கை தரும் வித்தியாசம்தான், ஆனாலும் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லப் போதாது. அப்புறம், தயவுசெய்து யாரும் பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பாக்கெட்டைத் தாங்களாகவே பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் வரை பாதிக்கும்.