வெளிர்ந்த சிவப்பு ஒயினில் தண்ணீர் கலப்பதில்லை

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் செய்யும் சிவப்பு ஒயின் வெளிர்ந்திருப்பதற்குத் தண்ணீர் கலப்பதே காரணம் என்று ஒரு செய்தி பரவி வருகிறது, அது தவறு. சிவப்பு ஒயினின் நிறம் சாற்றிலிருந்து வருவதில்லை, நொதிக்கும்போது திராட்சைத் தோலிலிருந்து ஊறி இறங்கும் ஆந்தோசயனின் நிறமிகளிலிருந்தே வருகிறது. அங்கு விளையும் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது, நிறமியும் குறைவு. அந்தக் குளிர்ந்த நிலத்தில், பெரும்பாலும் கிழக்கு நோக்கிய கோட் டோர் என்னும் குன்றுச் சரிவுகள் காலை வெயிலை வாங்கிப் பழத்தைக் கனியவைக்க, குளிர்ச்சி அதன் புளிப்பைக் காக்கிறது. தோலை எத்தனை நாள் ஊறவைக்கிறார்கள், எவ்வளவு அழுத்திக் கலக்குகிறார்கள் என்பதும் நிறத்தை மாற்றும். மணமே இத்திராட்சையின் செல்வம் என்பதால், மென்மையான கையாளுதலை நான் குறையாகக் கருதவில்லை.

குறிப்பிட்ட தொழில்நுட்பத் தேவைக்கன்றி ஒயினில் தண்ணீர் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1308/2013 ஒழுங்குமுறை தடைசெய்கிறது. அதன் எட்டாம் இணைப்பில் இதைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.