‘ஹோண்டா கோட்டா’

எங்கள் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தய) வாட்ஸ்அப் குரூப்பில் ஜப்பானிய டிரைவர் யூகி சுனோடா பெயர் வந்தால் போதும், ஒரு நண்பர் தவறாமல் எழுதுவார்: “ஹோண்டா கோட்டாவுல வந்த பையன்பா அவன்.” வருஷக்கணக்கில் இதே வரி. அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஹோண்டா இல்லையென்றால் யூகி இல்லை. சுசூகா டிராக் ஹோண்டாவுடையது. அங்கே இருக்கும் ரேஸிங் பள்ளியும் ஹோண்டாவின் நிழலில் நடப்பது. ஐரோப்பாவுக்குப் போனது, ஹோண்டாவும் எஃப்1-இல் இரண்டு அணிகள் வைத்திருக்கும் ரெட் புல்லும் கைகோத்த நேரத்தில். இதையெல்லாம் மறைத்து ‘உழைப்பால் உயர்ந்தவர்’ என்று சினிமாக் கதை சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆனால் கோட்டா என்றால் உள்ளே நுழைந்ததும் நாற்காலி தயாராக இருக்க வேண்டும் இல்லையா? இவருக்கு முதல் படியிலேயே வழுக்கியது.

யூகி 2000-ல் கனகாவா மாகாணத்து சாகமிஹாராவில் பிறந்தவர். நாலு வயதில் கார்ட்டிங், அதாவது குட்டி ரேஸ் வண்டி ஓட்டுவது. கார்ட் ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம்: அதில் சஸ்பென்ஷன் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் இல்லை. ஆகவே திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கினால்தான் வண்டி வளையும். அந்தக் கலை சின்ன வயதில் உடம்பில் ஏற வேண்டும். யூகி பிரேக்கை மிதிக்கும் விதத்தைப் பாருங்கள். கடைசி நொடிவரை விட்டு, பிறகு மொத்தமாக ஒரு மிதி. அது கார்ட் பிள்ளையின் கால் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2016-ல் சுசூகா பள்ளியில் படித்தார். முடிவில் தேர்வாகிறவர்களுக்கு மறு வருஷச் செலவை ஹோண்டா ஏற்கும். அந்தத் தேர்வில் யூகி ஜெயிக்கவில்லை. அப்போது பள்ளியின் தலைமையில் இருந்தவர் சடோரு நகாஜிமா. 1987-ல் லோட்டஸ் அணியில் அயர்டன் செனாவுக்கு ஜோடியாக ஓட்டியவர், எஃப்1-இல் முழு சீசன் ஓட்டிய முதல் ஜப்பானியர். அவர் எஃப்1-க்குள் வந்ததே 34 வயதில். யூகி ஓட்டியதைக் கண்ணால் பார்த்திருந்த அந்த மனிதர், முடிவுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஹோண்டாவிடம் சிபாரிசு செய்தார். கோட்டா என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம். நகாஜிமா கோட்டா.

(அதே நகாஜிமாவின் அணிக்காகத்தான் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஜப்பானின் உயர்மட்டத் தொடரான சூப்பர் ஃபார்முலா ஓட்டினார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.)

எஃப்1-க்குக் கீழே எஃப்4, எஃப்3, எஃப்2 என்று படிகள். 2017-ல் ஜப்பான் எஃப்4-இல் மூன்றாம் இடம். 2018-ல் 14 பந்தயங்களில் 7 வெற்றி, சாம்பியன். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, அப்போது ஜப்பான் எஃப்4 கார் எல்லாவற்றுக்கும் டொயோட்டா வழிவந்த டாம்ஸ் இன்ஜின்தான். ஹோண்டா வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கியது பங்காளி வீட்டு இன்ஜினில்.

2019-ல் ஐரோப்பா. எஃப்3-இல் ஜென்ஸர் என்ற சுவிஸ் அணி. சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போனது ப்ரேமா அணி. ஜென்ஸர் அந்த வகையறா இல்லை. மொழி புதுசு, டிராக்குகள் புதுசு, கூடவே யூரோஃபார்முலா ஓப்பன் என்று இன்னொரு தொடரும். கடைசியில் 67 புள்ளிகள், ஒன்பதாம் இடம், மோன்ஸாவில் ஒரு வெற்றி. எண்ணாகப் பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் அந்த சீசனின் பிற்பாதியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

2020 எஃப்2-வில்தான் விவாதமே. கார்லின் அணியில் மூன்று வெற்றி. நான் யூகி ரசிகன், இருந்தும் நேர்மையாகப் பிரித்துப் பார்க்கிறேன். சில்வர்ஸ்டனில் கிடைத்தது, முன்னால் போன ப்ரேமா ஜோடி மிக் ஷூமாக்கரும் ஷ்வார்ட்ஸ்மனும் தங்களுக்குள் இடித்துக்கொண்டதால். ஸ்பாவில் முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவர் மஸெபின். யூகியை டிராக்கை விட்டுத் தள்ளியதற்கு ஐந்து விநாடி அபராதம் விழுந்து வெற்றி கைமாறியது. மஸெபின் கோபத்தில் காரை நிறுத்தும்போது இடித்த பலகை யூகி பக்கம் பறந்ததை யார் மறப்பார்? அப்படியென்றால் மூன்றில் இரண்டு, பிறர் தட்டில் இருந்து வந்தவை. சரி. ஆஸ்திரியாவில் ‘போல்’ (முதல் இடத்திலிருந்து புறப்படும் வாய்ப்பு) எடுத்து, மழையில் முன்னால் ஓடிய பந்தயத்தில் ரேடியோ வேலை செய்யாமல், டயர் மாற்ற வரச்சொல்லும் பிட் அழைப்பு கேட்காமல் போனதே, அந்த வெற்றியை யார் கணக்கில் எழுதுவது?

பஹ்ரைனில் கடைசி இரண்டு வாரங்களை மட்டும் பார்த்தாலே போதும். முதல் வாரம் தகுதிச்சுற்றில் சுழன்று, கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு ஆறாவதாக முடித்தார். டயரை அவ்வளவு பதமாக வைத்திருந்தார். மறு வாரம் ‘போல்’, வெற்றி. எஃப்1-க்கான சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளி வேண்டும், எஃப்2-வில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அது முழுசாகக் கிடைக்கும். சாம்பியன்ஷிப் முடிவில் ஷூமாக்கர் 215 புள்ளி, ஐலட் 201, யூகி 200. அதே கார்லினில் பக்கத்து கார் ஜெஹான் தாருவாலா. அவரும் ரெட் புல் ஜூனியர், முந்தைய வருஷம் எஃப்3-இல் ப்ரேமாவில் மூன்றாவதாக வந்தவர். அவருக்கு 72.

இப்போது நண்பர் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஹோண்டா அனுப்பிய பிள்ளை யூகி மட்டுமா? நிரெய் ஃபுகுஸுமி 2018-ல் எஃப்2 ஓட்டினார், வரிசையில் எங்கோ பின்னால். டடாசுகே மகினோ அதே வருஷம் மோன்ஸாவில் ஒரு பந்தயம் ஜெயித்தும் மேலே போகவில்லை. ஊருக்குத் திரும்பி, 2019-ல் ஒரு காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் சூப்பர் ஜிடி தொடரில் நகாஜிமா அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் ஜோடி சேர்ந்தது நம்ம நரேனோடு. நொபுஹாரு மட்சுஷிட்டா 2019-ல் அதே கார்லினில் இரண்டு பந்தயம் ஜெயித்து ஆறாவதாக முடித்தார். லைசென்ஸ் கிடைக்கவில்லை. நிறுவனம் அதேதான், கதவும் அதேதான். இவர்கள் யாருக்கும் கோட்டா வேலை செய்யவில்லையே, ஏன்?

யூகி மீது குறை சொல்ல வேண்டுமானால் வேறு இருக்கிறது. ஜப்பான் எஃப்4 பட்டம் வாங்கி இரண்டரை வருஷம் முடிவதற்குள், 2021 மார்ச்சில் ரெட் புல்லின் சின்ன அணியான ஆல்ஃபாடவுரியின் எஃப்1 காரில் உட்கார்ந்துவிட்டார். பஹ்ரைனில் முதல் பந்தயத்திலேயே ஒன்பதாம் இடம். முன்னாள் உலக சாம்பியன் அலோன்சோவையே தாண்டினார். நானும் துள்ளினேன். அடுத்த இமோலா தகுதிச்சுற்றிலேயே காரைச் சுவரில் சாத்தினார். பிறகு வரிசையாக இடி, ரேடியோவில் கெட்ட வார்த்தை. அணி அவரை இத்தாலியில் ஃபாக்டரிக்குப் பக்கத்திலேயே குடிவைத்துக் கண்காணிக்கும் நிலைமை. வருஷ முடிவில் அணித்தோழர் காஸ்லி 110 புள்ளி, யூகி 32. பொறுமையைக் கற்க வேண்டிய வருஷங்களைத் தாண்டிக் குதித்ததற்கான வட்டியை எஃப்1-இல் கட்டினார். எஃப்2-வில் இன்னொரு வருஷம் விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. ரெட் புல் அப்படிக் காத்திருக்கவில்லை.

இதையெல்லாம் சுருக்கமாக குரூப்பில் போட்டேன். நண்பர் படித்துவிட்டு, “சரி, மட்சுஷிட்டா பாயின்ட் ஒத்துக்கறேன். ஆனா 2025-ல பெரிய ரெட் புல் காரைக் கையில குடுத்தாங்களே, என்ன கிழிச்சாரு?” என்றார்.

பாகுவில் ஆறாவது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. 2026-க்கு ரிசர்வ் டிரைவர் ஆக்கிவிட்டார்கள். இதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.