லண்டனில் முதுகு தரிசனம்

வசந்த காலத்தில் லண்டன் போனால் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பார்க்காமல் வராதே என்றார்கள். 1829-இல் தொடங்கியது, தேம்ஸ் நதியில் பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர். சரி. ஆனால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு அதில் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை! ஹேமர்ஸ்மித் பாலத்துக்குப் பக்கத்தில், நடுக்கும் குளிர்காற்றில் (இதற்குப் பெயர் வசந்தமாம்), இடம்பிடித்து மணிக்கணக்கில் நின்றால், சரியாகப் படகு வரும்போது முன்னால் நிற்பவர் குழந்தையைத் தோளில் ஏற்றுகிறார். பக்கத்திலிருப்பவர் கைபேசியைத் தூக்குகிறார். எக்கி எட்டிப் பார்த்தால் நாலு துடுப்பு தெரிந்தது. அப்புறம் நடுவரின் மோட்டார் படகும் அதைத் தொடரும் படகுக் கும்பலும் மட்டும் சாவகாசமாக, முழுசாகத் தெரிந்தன. யார் முந்தியது என்று கேட்டால், அந்தக் கைபேசிக்காரர் நேரலையைத் திறந்து பார்த்துச் சொல்கிறார்!